வாய் வெட்டிய ஸ்பேனர்

நடந்ததைத்தான் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் என் வலது மணிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். பயம்கூடப் போய்விட்டது. ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை.

நான் வண்டி மெக்கானிக். என் டூல் பெட்டியை யார் தொட்டாலும் எனக்குப் பிடிக்காது. அதிலும் ஒரு ஸ்பேனர் உண்டு, பிரேக் பைப் நட்டுக்கென்றே செய்தது. வளையத்தில் சின்னதாய் ஒரு வாய் வெட்டியிருக்கும். அதன் வழியே பைப்பை நுழைத்து நட்டைக் கவ்வலாம். சாதா ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். இதை என் மனைவி "உங்க மூத்த தாரம்" என்பாள்.

அன்று ஒரு புரோக்கர் பழைய வேன் ஒன்றைக் கொண்டுவந்தான்.

"பிரேக் பெடல் கொஞ்சம் இறங்குது. டைட் பண்ணிக் குடுங்க, போதும். வாங்குற ஆள் காத்துக்கிட்டு இருக்கார்."

பின்சக்கரத்துப் பைப்பில் நட்டு தளர்ந்திருந்தது. முறுக்கினேன். ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் வேனுக்கு அடியில் சொட்டு... சொட்டு... நட்டு கழன்றிருந்தது. ஸ்பேனர் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பட்டறையில் இருந்த இன்னொரு ஆள் என் மச்சினன் மட்டும்தான்.

"என் டூலை எதுக்குடா தொட்ட?"

"நான் அந்தப் பக்கமே வரல மாமா."

மறுபடி முறுக்கினேன். மறுபடி கழன்றது. இந்தத் தடவை ஸ்பேனரின் பிடி சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் கையை எடுத்ததுபோல.

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. மச்சினனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க உங்க ஸ்பேனரை!" என்று கத்திவிட்டுப் போய்விட்டான்.

ஷட்டரை இறக்கி உள்பக்கமாகப் பூட்டினேன். மதியம் மூன்று மணி. வெளியே நல்ல வெயில்.

வேனுக்கு அடியில் படுத்து முறுக்கினேன்.

கிர்ர்... கிர்ர்...

ஸ்பேனர் நின்றது.

பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். அது எதிர்ப்பக்கம் திரும்பியது. மெதுவாக... யாரோ தம் கட்டி இழுப்பதுபோல.

"எவன்டா அது?"

என் காதோரம் மூச்சு மட்டும்...

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கை.

அது என் கையாலேயே நட்டைக் கழற்றியது. பைப்பை வளைத்தது.

டப்!

முகமெல்லாம் பிரேக் ஆயில். எப்படி வெளியே வந்தேனோ தெரியாது.

முகத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பைப் துருவேறி இற்றுப்போயிருந்தது. மேலே புதுப் பெயின்ட். யாரோ பூசி மறைத்திருக்கிறார்கள்.

புரோக்கருக்குப் போன் போட்டுக் கத்தினேன். முன்பு இந்த வேனுக்கு வேலை பார்த்த பட்டறை எது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். நேரே அங்கே போனேன். பூட்டியிருந்தது. மாடியிலிருந்து அந்தப் பட்டறை மெக்கானிக்கின் மனைவி இறங்கி வந்தார்.

"அவர் போயி ஒரு மாசம் ஆகுதுங்க. வேனைச் சரிவுல நிறுத்தி, புரோக்கரைப் பெடலை மிதிக்கச் சொல்லிட்டு, பின்னாடி குனிஞ்சு பார்த்திருக்கார். பிரேக் விட்டுப்போயி வேன் அவர் மேல ஏறிடுச்சு. பைப்பை மாத்தணும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டார். கடைசியில, நட்டை ஒழுங்கா முறுக்கலைன்னு அவர் மேலயே பழியைப் போட்டுட்டான் அந்தப் புரோக்கர்."

"அவர் மேல தப்பில்லம்மா. பைப் இத்துப்போயிருந்துச்சு. நானே பார்த்தேன்."

அவர் அழவில்லை. என் மணிக்கட்டில் கருத்திருந்த நான்கு விரல் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தேன். பட்டறை திறந்திருந்தது. வேன் இல்லை.

"புரோக்கர் கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிட்டார் மாமா. என்கிட்ட இருந்த சாவியால நான்தான் திறந்து விட்டேன்" என்றான் மச்சினன்.

புகார் கொடுத்தேன். அலைந்தேன். போன வாரம்தான் விஷயம் தெரிந்தது. வேனை விற்றுவிட்டான். இப்போது ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறதாம். நம்பரும் வேறு, பெயின்ட்டும் வேறு.

என்ன நிறம் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.