சினிவா மிஸ்ஸின் அரை கிரெடிட்

பஸ் முழுதாக நிற்பதற்குள் சினிவா மிஸ் ஏறிவிடுகிறார். மரப்பலகையில் உடம்பு கட்டி, ஜன்னலுக்குக் கண்ணாடியே இல்லாமல், பாட்டு அலற ஓடும், ஊர்க் குடும்பம் ஒன்று சொந்தமாக நடத்தும் அந்த பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு மரியாதையாக நிமிர்கிறது. யாரும் சொல்லாமலே டிரைவர் பாட்டைக் குறைக்கிறார். கடைசி சீட்டில் இரண்டு பையன்கள் அவசரமாகத் தூங்கிப்போகிறார்கள்.

“ஏ கெமிஸ்ட்ரி, கண்ணை மூடினா நான் காணாமப் போயிடுவேனா? லேப் ரிப்போர்ட் எங்கடா?”

“வீட்ல இருக்கு மிஸ்.”

“அதுவா நடந்து ஸ்கூலுக்கு வருமா? நாளைக்கு உங்க அம்மா இதே பஸ்லதானே வருவாங்க? அவங்க மடியில உக்காந்து கேட்டுக்கறேன்.”

பஸ் கொல்லென்று சிரிக்கிறது. இடமில்லாத பஸ்ஸில் தெரிந்தவர் மடியில் உட்கார்ந்துகொள்வது இங்கே வழக்கம்தான். ஆனால் சினிவா மிஸ் உட்காருவேன் என்று சொன்னால் அது வழக்கம் அல்ல, மிரட்டல். மறுநாள் ரிப்போர்ட் தானாக வந்து சேரும்.

அமெரிக்க சமோவாவில், துதுயிலா தீவின் கிழக்கு முனையில் இருக்கும் உயர்நிலைப் பள்ளியில் இவர் ஆலோசகர். ஒன்பதாம் வகுப்பில் முழிக்க முழிக்க வந்து நிற்கிற பிள்ளையை நாலு வருஷம் கழித்துப் பட்டமளிப்பு மேடையில் ஏற்றிவிடுவது இவர் பொறுப்பு. எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது, எதில் கிரெடிட் குறைகிறது, குறைந்ததை எந்தக் கோடை வகுப்பில் ஈடுகட்டுவது, அப்புறம் கல்லூரியா, பட்டாளமா, மீன் ஆலையா என்று எல்லாவற்றுக்கும் இவரிடம்தான் வர வேண்டும். இதற்காக இவருக்கு ஏசி வைத்த அறை ஒன்று உண்டு. பிள்ளைகள் ஏசிக்காகத்தான் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து சினிவா மிஸ் பஸ்ஸில், பாட்டுக்குழு ஒத்திகையில், ரக்பி மைதானத்தில், இழவு வீட்டில் கூட ஆலோசனை சொல்கிறார். ஒருமுறை சவப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த பையன் காதில், “ஹிஸ்டரி பரீட்சை வியாழக்கிழமை, மறந்துடாதே” என்று சொன்னதை இறந்தவரின் பெண்டாட்டியே சிரித்துக்கொண்டு சொல்வார்.

பிள்ளைகளை இவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். எந்தப் பாடம் பாக்கியோ அதுதான் பெயர். “ஏ அல்ஜீப்ரா”, “வாடி பயாலஜி” என்று மைதானம் முழுக்கக் குரல் கேட்கும். பாக்கி தீர்ந்த அன்று, எல்லோரும் கேட்கிற மாதிரி, அப்பா அம்மா வைத்த முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பெயரைக் கேட்பதற்காகவே படித்தவர்கள் இருக்கிறார்கள். துறைமுகச் சாலையில் போக்குவரத்தைச் சரிசெய்கிற போலீஸ்காரர் ஒருவரை மட்டும் இன்னும் “ஜியாமெட்ரி” என்றுதான் கூப்பிடுகிறார். அவரும் விறைப்பாக சல்யூட் அடித்து இவருக்கு வழி விடுகிறார். அவர் அந்தப் பாடத்தை முடிக்காமலே பள்ளியை விட்டுப் போனவர்.

கிரெடிட் என்றால் என்ன என்று புதுப் பிள்ளைகள் கேட்டால் சினிவா மிஸ் படகைக் காட்டுவார். “நம்ம ஊர் நீளப் படகைப் பாத்திருக்கேல்ல? அத்தனை பேரும் துடுப்பு போட்டாத்தான் முன்னால போகும். இங்கிலீஷ் நாலு பேரு, கணக்கு மூணு பேரு, சயின்ஸ் மூணு பேரு. ஒருத்தன் உக்காந்து வெத்து வாய் மென்னுட்டிருந்தா படகு சுத்திச் சுத்தி வரும். நீ சுத்தப் போறியா, கரை சேரப் போறியா?” பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். ஊருக்கு ஊர் மோதும் கொடி நாள் படகுப் போட்டி முடிந்து ஒரு வாரத்துக்கு இந்த உதாரணத்தை எடுக்க மாட்டார். தோற்ற ஊர்ப் பிள்ளைகள் அழுதுவிடும்.

இவருடைய பெரிய கண்டுபிடிப்பு குடும்பக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எந்தக் குடும்பம் எவ்வளவு காணிக்கை போட்டது என்று எழுந்து நின்று உரக்க வாசிப்பார்கள் இல்லையா? அதே ராகத்தில், பட்டமளிப்புக்குச் சில வாரம் முன்னால், பள்ளி மண்டபத்தில் பாய் விரித்து, குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகளின் கிரெடிட்டை வாசிக்கிறார் சினிவா மிஸ். அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து வந்திருக்கும் பிரின்சிபால் முதல் வருஷம் பதறிப்போனார். பிள்ளைகளின் மதிப்பெண் ரகசியம், சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா என்று கேட்டார். “சரி, வேணாங்கற குடும்பம் கையைத் தூக்கட்டும்” என்றார் சினிவா மிஸ். ஒரு கையும் எழவில்லை. தங்கள் பிள்ளையை மட்டும் ஏன் வாசிக்கவில்லை என்று ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்தான் சண்டைக்கு வந்தார்கள்.

இந்த வருஷம் மே மாதத்தில் ஒரு வாரம் சினிவா மிஸ் பஸ்ஸில் யாரையும் திட்டவில்லை. டிரைவருக்கே கவலை வந்துவிட்டது.

காரணம் செமிசி. பன்னிரண்டாம் வகுப்பு. எல்லாப் பாடமும் நிறைந்து, சமோவா மொழியில் மட்டும் அரை கிரெடிட் குறைகிறது. அரை குறைந்தாலும் மேடை கிடையாது. அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் ஃபலனீக்கோ, செமிசியின் சொந்த அப்பா. பள்ளி விட்டால் அவர் ஊருக்கே பேச்சுத் தலைவர், சபைகளில் ஊர் சார்பாக எழுந்து பேசுகிறவர். கையில் கோலும் தோளில் தேங்காய் நார்ச் சாமரமுமாக அவர் எழுந்து நின்றால் பக்கத்து ஊர்த் தலைவர்கள் வாய் திறப்பதற்கு முன் யோசிப்பார்கள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். செமிசி மக்கு இல்லை. எழுத்துத் தேர்வில் முழு மார்க். பேச்சுத் தேர்வில், சபைக்கு எழுந்து வரவேற்புரை சொல்ல வேண்டிய இடத்தில், மணி அடிக்கிற வரை தலையைக் குனிந்து நின்றுவிட்டான். அப்பா பூஜ்யம் போட்டார்.

“ஏண்டா இப்படிப் பண்ணினே?” என்று கேட்டார் சினிவா மிஸ்.

“அப்பா எதிர்ல உக்காந்திருக்காரு மிஸ். அவர் இருக்கிற சபையில நான் எழுந்து பேசினா, அவருக்கு வாய் செத்துப்போச்சுன்னு அர்த்தம். எப்படிப் பேசுவேன்?”

ஃபலனீக்கோவிடம் போனால் அவர் இன்னொரு பக்கம். “அது வகுப்பு, சபை இல்ல. பேசாதவனுக்கு மார்க் இல்ல. என் பையன்னு பாஸ் போட்டா நாளைக்கு நான் எந்த முகத்தோட சபையில நிப்பேன்?”

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருந்ததுதான் தொல்லை. வீட்டிலோ கல்யாணக் களை. அம்மா சியேனி ஒரே பூப்போட்ட துணியில் குடும்பம் மொத்தத்துக்கும் உடுப்புத் தைத்து முடித்துவிட்டார். ஹொனலுலு அத்தை டிக்கெட் போட்டாகிவிட்டது. கொல்லையில் விருந்துக்கென்று ஒரு பன்றி நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்துகொண்டிருந்தது. செமிசி தேறாமல் போனால் அந்த வீட்டில் சந்தோஷப்படக்கூடிய ஒரே ஜீவன் அதுதான்.

சினிவா மிஸ் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். பையனைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். “சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா இருக்காரே மிஸ்” என்றான். ஃபலனீக்கோவைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. செல்போனில் பேசிப் பதிவு செய்து தரட்டுமா என்றதற்கு ஃபலனீக்கோ சீறினார்: “செல்போனுக்கு எதுக்கு வரவேற்புரை? அது என்ன தலைவரா?” வேறு ஆசிரியர் மார்க் போட விதி இடம் தராது என்று பிரின்சிபால் கையை விரித்தார்.

“உங்க மரியாதையையும் உங்க விதியையும் அடுப்புல வச்சு வேக வைங்க, இலையில சுத்தி நானே பரிமாறறேன்” என்றார் சியேனி புருஷனிடம். அன்று ராத்திரி அவருக்குச் சேப்பங்கிழங்கு மட்டும்தான், தேங்காய்ப்பால் கிடையாது.

குடும்பக் கூட்டத்துக்கு மண்டபத்தில் பாய் போடுகிறபோதுதான் சினிவா மிஸ்ஸுக்கு உறைத்தது. ஒரு பக்கம் அழைக்கிறவர்கள், அதாவது பள்ளி. எதிர்ப்பக்கம் விருந்தாளிகள், அதாவது குடும்பங்கள். இந்தப் பக்கத்துக்கு ஒருவர் பேசினால் அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒருவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாத குடும்பம் தலை நிமிர முடியாது. வழக்கமாகப் பள்ளிக்காகப் பேசுகிறவர் துணைப் பிரின்சிபால். இந்த வருஷம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டிக்கொள்ளச் சொன்னது சினிவா மிஸ்.

“பள்ளிக்கூடத்துக்குப் பேச ஆள் இல்ல தலைவரே. விருந்தாளிகளைக் கூப்பிட்டு வச்சுட்டு ஊமையா உக்காந்திருக்க முடியுமா?”

பேச்சுத் தலைவர் ஒருவரை இப்படிக் கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஃபலனீக்கோ வந்தார், பள்ளிப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு எதிரே பார்த்தார். தன் குடும்பத்துப் பாயில் சியேனி, பெண்கள், சின்னப் பிள்ளைகள், கோடியில் செமிசி. எழுந்து பதில் சொல்லக்கூடிய ஆண்பிள்ளை வேறு யாரும் இல்லை. சபையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் படிக்கத் தெரியாதவரா அவர்? மெல்லத் திரும்பி சினிவா மிஸ்ஸை ஒரு பார்வை பார்த்தார். சினிவா மிஸ் மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை வெளுத்து வாங்கியது. ஃபலனீக்கோ எழுந்து பள்ளியின் அழைப்புரையைச் சொல்லி முடித்தார்.

 சினிவா மிஸ் பையனிடம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வா என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்தே இருக்க மாட்டான். இன்றைக்கும் அவன் தலையைக் குனிந்து நின்றால் பட்டம் மட்டுமல்ல, குடும்ப மானமும் போகும். போக வைத்தவர் தான்தான் என்ற பயத்தில் முதல் மூன்று குடும்பத்தையும் ராகம் தப்பி வாசித்தார்.

“ஃபலனீக்கோ குடும்பம். செமிசி. இங்கிலீஷ், நாலு. கணக்கு, மூணு. சயின்ஸ், மூணு.” தாளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். “சமோவா மொழி, அரை.”

பேச்சுத் தலைவர் வீட்டில் மொழிக்கு அரையா? ஒரு முணுமுணுப்பு பாய்களுக்கு மேல் ஓடியது. யாரும் எழவில்லை. சியேனி திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி மகன் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். செமிசி எழுந்தான். எழுந்தவன் அப்பாவைப் பார்த்தான். கண்ணில் அந்தப் பழைய தயக்கம்.

ஃபலனீக்கோ தன் கோலை எடுத்தார்.  அவர் அதைப் பாயில் நீளவாக்கில் படுக்க வைத்து, பேச்சை விட்டுக்கொடுத்தவராகக் கையை விலக்கிக்கொண்டார்.

செமிசி பேசினான்.  மலையை வணங்கினான், துறையை வணங்கினான், ஊர்த் தலைவர்களை வரிசை முறை தவறாமல் விளித்தான், ஆசிரியர்களுக்கு நன்றி சொன்னான். மழைச் சத்தத்துக்கு மேல் அந்தக் குரல் கூரையில் போய் மோதியது. கடைசியில் கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்:

“இத்தனை நாளா எங்க பாயில நான் பேசினதில்ல. பேச்சு எங்க வீட்ல இருக்கிறப்ப நான் எதுக்குப் பேசணும்? இன்னிக்கு எங்க வீட்டுப் பேச்சு எதிர்ப்பக்கம் உக்காந்து எங்களை விருந்துக்கு அழைச்சிருக்கு. அந்த அழைப்பு பெரிசு. அதுக்கு முன்னால என் பதில் சின்னது. சின்னதா இருந்தாலும், அது அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான்.”

உட்கார்ந்துவிட்டான். 

“ஏங்க,” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து சியேனியின் குரல், சபை மரியாதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, “பாஸா இல்லையா? சொல்லித் தொலைங்களேன்!”

மண்டபமே குலுங்கியது. சினிவா மிஸ் பையிலிருந்து பேனாவை எடுத்து ஃபலனீக்கோவின் விரல்களுக்கு நடுவே வைத்தார். மார்க் தாளை அவர் முழங்காலுக்கு அருகே தள்ளினார். ஃபலனீக்கோ பத்துக்கு எட்டு என்று எழுதினார்.

“மலைக்கு அப்புறம் ஊற்றைச் சொல்லணும், விட்டுட்டான்” என்றார். 

“சமோவா மொழி,” என்று சினிவா மிஸ் எழுந்து நின்று, இந்தத் தடவை ராகம் தப்பாமல் வாசித்தார், “முழுசா ஒண்ணு!”

ஆரவாரத்தில் கிழவிகள் கூட எழுந்து ஆடினார்கள். யாரோ செமிசியைத் தூக்கிக்கொண்டார்கள். சினிவா மிஸ்ஸும் ஆட இறங்கியவர்தான், ஆனால் பக்கத்தில் ஒரு மூக்குறிஞ்சல் கேட்டுத் திரும்பினார். ஃபலனீக்கோ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.  கண்ணீர் மீசை வரை வந்துவிட்டது. சபையில் பேச்சுத் தலைவர் அழக் கூடாது, கையை உயர்த்தித் துடைத்துக்கொள்ளவும் கூடாது. இன்னும் ஒரு நிமிஷத்தில் எதிர்ப்பக்கம் இங்கே திரும்பிவிடும்.

சினிவா மிஸ் ஆட்டத்தை விட்டுவிட்டு அவர் அருகே பாயில் உட்கார்ந்தார். பக்கத்துப் பெண்ணின் மடியிலிருந்த பெரிய ஓலை விசிறியைக் கேட்காமலே எடுத்தார். “என்னா புழுக்கம் தலைவரே, அப்பப்பா!” என்று உரக்கச் சொல்லிக்கொண்டு, அந்தக் குளிர்ந்த மழையில், விசிறியை அவர் முகத்துக்கும் சபைக்கும் நடுவில் பிடித்து மெதுவாக விசிற ஆரம்பித்தார்.