வேக வைத்த ஸ்பீக்கர்

ஒரு கை வயரை நீட்டிப் பிடிக்கிறது, மறுகை வெட்டுகிறது. துண்டுகள் எல்லாம் ஒரே நீளம். நுனியில் தோலை உரித்து, செம்பிழைகளை முறுக்கி, இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களின் முதுகிலும் மாட்டுகின்றன அந்தக் கைகள். பிறகு சத்தம் அளக்கும் கருவியை எதிரே வைத்து, இரண்டு ஜோடியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருகின்றன. இரண்டில் கொஞ்சம் உரக்கப் பாடுவதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். அதனால் முதல் வேலையே இதுதான். கடைசியாகக் கறுப்புத் துணியை இழுத்து நான்கு பெட்டிகளையும் மறைக்கின்றன.

கைகளுக்குச் சொந்தக்காரர் மக் பூய்-லின். குவாங்சோ ஆடியோ மார்க்கெட்டில் எனக்கு அடுத்த கடை. நான் வயர் விற்கிறேன். லின் அக்கா பழுது பார்க்கிறார். பெரிய விலை கொடுக்க முடியாதவர்களுக்குச் சின்ன ஸ்பீக்கர்களை ஒப்பிட்டும் காட்டுகிறார். சின்ன வயதில் ஸ்பீக்கர் ஆலையில் காகிதக் கூம்புக்குப் பசை தடவ வந்தவர். மற்றதெல்லாம் பழுதாகித் திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துத் தானாகக் கற்றுக்கொண்டது. டிவியோடு சேர்த்துக் கேட்க வாங்குகிறவர்களுக்கு அவர் பாட்டுப் போட மாட்டார். நாடகத்தில் இரண்டு பேர் பேசும் காட்சியைப் போட்டு, காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்.

அன்று துணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது குவான் அத்தை. பக்கத்தில் அவர் கணவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற குவான் மாமா.

"அத்தை, அவன் என்ன சொன்னான்?"

"'நாளைக்கு வா, உங்கப்பாகிட்ட நானே பேசறேன்'னான்."

அது லின் அக்காவின் கடை ஜோடி. அக்கா அடுத்த ஜோடிக்கு மாற்றி, அடுத்த காட்சியைப் போட்டார்.

"இப்ப அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"யாருக்குத் தெரியும்? நாலு பக்கமும் இருந்து பேசறா, ஒரு பக்கமும் புரியல. இது எங்க பெட்டிதானே? ஒரு வாரமா இதத்தான் சொல்றேன், இவரு கேட்டாத்தானே! என் குளிர்காலத் துணியெல்லாம் வெளிய தள்ளிட்டு, இதைப் போர்வைல சுத்தி அலமாரில வச்சு இரைய விட்டாரு. நான் பக்கத்து வீட்டுல போய் நாடகம் பாக்கறேன்."

"புரியலன்னு போய்ச் சொன்னேன், பெட்டி வித்த சோய் முதலாளிதாண்டி நல்லா வேகட்டும்னாரு" என்றார் மாமா.

புது ஸ்பீக்கரைப் பல நாள் ஓட விட்டு 'வேக வைத்தால்' தான் குரல் கனியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நம்பிக்கை இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சோய் கடையில் பொருளைத் திருப்பித் தர ஏழு நாள். வேக அவன் சொன்ன காலம் பத்து நாள். அன்று ஏழாவது நாள்.

லின் அக்கா துணிக்குப் பின்னால் போய், ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் இடம் மாற்றினார். அதே காட்சி மறுபடி ஓடியது.

"'சோறு ஆறுது, சீக்கிரம் வாடா'ங்கறா!" என்று அத்தை எழுந்தே விட்டார்.

"ஏம்மா லின், என்ன மந்திரம் போட்டே?"

"மந்திரம் என்ன மாமா. ஒரு பெட்டிக்குள்ள வயரைத் தலைகீழா கட்டியிருக்காங்க. ஒண்ணு முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்குது. குரலுக்கு நடுவுல நிக்க இடமே இல்ல. ஆயுசுக்கும் வேக வச்சாலும் வேகாது."

"அதான் சரியாயிடுச்சே. இப்படியே கட்டிக் குடு, போறோம்."

"மாட்டேன். புத்தாண்டுக்கு உங்க பையன் வருவான். வீட்டைத் துடைச்சு, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்புன்னு ஒழுங்கா மாட்டுவான். அத்தை மறுபடி பக்கத்து வீட்டுக்குப் போவாங்க. ஆலையில கை தவறும் மாமா, எனக்கே தவறியிருக்கு. வீட்டுல புரியலன்னு வந்து சொன்னவங்களோட பெட்டியக் காது குடுத்துக் கேக்காம, போய் வேக வைன்னு அனுப்பினான் பாருங்க அந்த சோய், அது கை தவறினதில்ல. எழுந்திருங்க."

நான் கடையை மூடிவிட்டு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

சோய் தன் கடையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அக்கா மாற்றிய வயரோடு அப்படியே மாட்டிக் காட்சியைப் போட்டார்.

"அட, மணியாட்டம் பேசுதே!" என்று தொடையில் தட்டினான் சோய். "பாத்தீங்களா மாமா, நான் சொல்லல? வெந்துடுச்சு!"

அக்கா வயரைப் பழையபடி மாற்றினார். குரல் கலைந்து சுவரெல்லாம் அப்பிக்கொண்டது.

"இப்ப என்ன முதலாளி, வெந்தது திரும்பப் பச்சையாயிடுச்சா?"

கடைக்கு வந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சோய்க்குக் காது சிவந்தது.

"ஏதோ ஒண்ணு அப்படி வந்திருக்கும். அதுக்கு ஊரைக் கூட்டணுமா? இந்தா, வேற எடுத்துட்டுப் போ."

"கொஞ்சம் இருங்க."

அக்கா சட்டைப் பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்தார். அவன் நீட்டிய புது ஜோடியின் முன்வலையைக் கழற்றி, இரண்டு பெட்டியின் பின்னாலும் ஒரே மாதிரி பேட்டரியை வயரால் தொட்டார். ஒரு பெட்டியின் கூம்பு வெளியே துள்ளியது. மற்றதன் கூம்பு உள்ளே போனது. பணம் செலுத்தப் போனை நீட்டியிருந்த ஒருவர் அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏதோ ஒண்ணா? இன்னும் எத்தனை பேர் வீட்டுல போர்வைக்குள்ள வேகுது முதலாளி?"

அடுத்த அட்டைப்பெட்டியைச் சோய் தானே கிழித்தான். இந்த ஜோடியில் இரண்டு கூம்பும் சேர்ந்தே வெளியே வந்தன. அதற்கும் அக்கா விடவில்லை. அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து, புதிய காட்சி ஒன்றைப் போட்டார். அத்தை ஒவ்வொரு வரியையும் நடிகையின் இழுவையோடு திருப்பிச் சொன்னார்.

"போதுமா?" என்றான் சோய்.

"இன்னொண்ணு. ஆம்பளக் குரல்."

அதுவும் தேறியது. அக்கா முன்வலைகளை அழுத்தி மாட்டினார். விரல் தடங்களைத் துடைத்து, இரண்டையும் அட்டைப்பெட்டியில் இறக்கி, மூலைகளை ஒட்டினார். குவான் மாமா கையை நீட்டினார். அக்கா அவரைத் தாண்டிப் போய் அத்தையின் கைகளில் வைத்தார்.

"கனமா இருக்கும் அத்தை, அடியில பிடிச்சுக்குங்க."