என்னங்க, எங்க இருக்கீங்க

அந்தப் பெரிய கடையில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்றாவது மாடியில், பரிசுப் பொருளுக்குக் காகிதம் சுற்றித் தரும் மேசைக்குப் பின்னால், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் நிற்கத்தான் முடியும் என்கிற மாதிரி ஓர் அறை. அதற்குள் உட்கார்ந்துகொண்டு கடை முழுக்கக் கேட்கும்படி பேசுவதுதான் வேலை. எந்த மாடியில் தள்ளுபடி, எந்த வண்டி வழியை மறித்து நிற்கிறது, யாருடைய குடை கிடைத்திருக்கிறது என்பதெல்லாம் சில்லறை வேலை. பெரிய வேலை, தொலைந்துபோகிற பிள்ளைகள். கிறிஸ்துமஸ் வாரம் வந்துவிட்டால், பிள்ளைகளைத் தொலைப்பதற்கென்றே சிலர் கடைக்கு வருகிறார்களோ என்று தோன்றும். பொம்மை விலையைப் பேரம் பேசுவதில் இருக்கிற கவனம் பெற்ற பிள்ளை மேல் இருக்காது. மைக்கம்மா ஒருவரையும் கடிந்து பேசியதில்லை. "அழாம பேரச் சொல்லு ராஜா" என்பாள். பிள்ளை பேரைச் சொன்னால் போதும், தாய் மூச்சிரைக்க ஓடிவந்துவிடுவாள். அதில் மைக்கம்மாவுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அவளுடைய வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டியவர். கிறிஸ்துமஸ் வாரம் வந்தால் ஊரைச் சுற்றிப் பார்க்க அவர்களுக்கு ஒரே வழி அந்தப் பேருந்துதான். அவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையில் உட்காருவாள். ஓசிப் பயணம் கிடையாது, அதில் அவர் கறார். வண்டி கடைத்தெருவுக்குள் திரும்பும். இரண்டு பக்கமும் மரத்துக்கு மரம் விளக்கு, மாடிக்கு மாடி நட்சத்திரம். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே, "இங்க பாரு, இடது பக்கம் பாரு" என்பார். அவள் பார்ப்பாள். "இங்க பாரு, இப்போ பாலம் வரும், தண்ணியில லைட்டு தெரியும், விட்டுடாத." ஊரே அவருடைய சொந்தச் செலவில் விளக்குப் போட்டது போல ஒரு தோரணை.

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'இங்க பாரு'தான். அவளும் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை, 'என்னங்க'தான். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு வார்த்தை தாராளமாகப் போதும்.

ஓய்வு பெற்ற பிறகு ஞாபகம் நழுவ ஆரம்பித்தது. முதலில் சாவி, அப்புறம் தெரு. கடைசியில் பெயரைக் கேட்டால் விழிக்கத் தொடங்கினார். யார் கூப்பிட்டாலும் திரும்பாதவர், 'என்னங்க' என்று அவள் குரல் கேட்டால் மட்டும் திரும்பினார். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் குடும்பம் நடத்தினாள்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கடையிலோ இந்த வாரம் லீவு என்று வாயைத் திறந்தாலே மேனேஜருக்கு முகம் கடுகடுக்கும். வேறு வழியில்லாமல்தான் அன்று அவரைக் கடைக்கே கூட்டிவந்தாள். ஆனாலும் ஓர் ஆசை. "லைட்டு பாக்கப் போலாங்களா" என்றதும் அவர் தானே தலைவாரிக்கொண்டார்.

தரைத்தளத்தில், கூரை வரை நிமிர்ந்த கிறிஸ்துமஸ் மரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். "அண்ணே, கண்ண எடுத்துடாதீங்க" என்று வாட்ச்மேனிடம் நாலு தடவை சொன்னாள். "நான் இருக்கேன்ல, நீ போம்மா" என்றார் வாட்ச்மேன். பொய்யில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் மரத்துக்கு விளக்கேற்றும் நேரம் வந்ததும் கடை விளக்குகளை அணைத்தார்கள். கூட்டம் 'ஹோ' என்றது. மரத்து விளக்குகள் பளிச்சென்று எரிந்தபோது எள் போட்டால் கீழே விழாது. நாற்காலி காலியாக இருந்தது.

வாட்ச்மேன் மேலே ஏறி வந்து மைக்கம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். போன மாதம்தான் நிறுத்தத்தில் நின்ற பேருந்தில் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சாவியைத் தேடியவர் அவள் வீட்டுக்காரர். வெளியே அத்தனை பேருந்து, அத்தனை கார். வாசல் கதவோ ஆள் கிட்டே போனாலே தானாகத் திறந்துகொள்கிற கதவு.

"வாசல்ல நில்லுங்கண்ணே, ஓடுங்க" என்று வாட்ச்மேனை அனுப்பிவிட்டு மைக்கைப் பிடித்தாள். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லவேண்டும். நாக்கு புரளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், சாம்பல் நிற ஸ்வெட்டர் என்றாள், வயதைச் சொன்னாள். பதில் இல்லை. மறுபடியும் சொன்னாள். அந்தப் பெயர் கூரையெங்கும் யாரோ அந்நியனின் பெயர்போல ஒலித்தது. அது தன் பெயர் என்று அவருக்கே தெரியாதபோது எங்கிருந்து வருவார்?

மூன்றாவது தடவை அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. "என்னங்க" என்றாள். "என்னங்க, எங்க இருக்கீங்க?"

கடையில் இருந்த ஆண்கள் பாதிப்பேர் தலையைத் தூக்கினார்கள். கையில் பை தொங்க, "என்ன, என்ன?" என்று மனைவிமாரைப் பார்த்து விழித்தார்கள். மாடிக்கு மாடி சிரிப்பு. மேனேஜர் பறந்து வந்தான்.

"என்னக்கா இது, கடையா, உங்க வீடா?"

"அவரக் காணோம் தம்பி. வெளிய போயிட்டா பொணமாத்தான் கிடைப்பாரு."

அவன் கதவுக்கு வெளியே ஒதுங்கிக்கொண்டான். மைக்கம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குரல் நடுங்கக்கூடாது, நடுங்கினால் அவருக்கு அடையாளம் தெரியாது என்று மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையைத் தொலைத்தவர்கள் இந்த அறையில் வந்து நின்ற நிலை அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

கதவு திறந்தது. வாட்ச்மேன், அவர் கையைப் பிடித்தபடி. "வாசல்ல நின்னு மேல ஸ்பீக்கரையே பாத்துட்டிருந்தாரும்மா. அவரே கேட்டாரு, மைக்ல பேசுற எடம் எங்கன்னு."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. எழுந்து அவர் தோளைப் பிடித்தாள். அவர் மரியாதையாக ஒரு எட்டு விலகி நின்றார்.

"அம்மா, ஒரு ஒதவி. என் வீட்டுக்காரிய காணோம். குரல் கேக்குது, ஆளக் காணோம். மைக்ல சொல்லுங்களேன்."

கிறிஸ்துமஸுக்காகக் கடை ஊழியர் எல்லாருக்கும் மாட்டிவிட்ட சிவப்புத் தொப்பியை அவள் கழற்றி எறிந்தாள். "நான்தாங்க. என்னங்க, என்னைப் பாருங்க." அதைச் சொல்வதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அவர் உற்றுப் பார்த்தார். இரக்கப்பட்டார். "அழாதீங்கம்மா. உங்க வீட்லயும் யாராவது காணாமப் போயிட்டாங்களா? என் வீட்டுக்காரி இப்படி அழமாட்டா. கெட்டிக்காரி. ஆனா பஸ்ஸை விட்டு எறங்கினா வழி தெரியாது. பயந்துருவா."

அழாதீங்க. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவளுக்கு மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மேனேஜர் மெதுவாகக் கேட்டான்: "அவங்க பேரு என்னங்க ஐயா?"

அவர், "இங்க பாருன்னா வந்துருவாளே" என்றார்.

வீட்டுக்குப் போகலாம் என்றதற்கு, அவள் வராமல் நகரமாட்டேன் என்று நாற்காலியில் அழுந்த உட்கார்ந்துகொண்டார். கெஞ்சினாள், கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கடைசியில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சைச் சீராக்கிக்கொண்டு, மைக்கை வாயருகே கொண்டுபோய், தினமும் வீட்டில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"என்னங்க, கிளம்பலாமா?"

குரல் வெளியே கூரையிலிருந்து வந்தது. அவர் முகம் மலர்ந்தது. "இதோ வந்துட்டேன்" என்று எழுந்தார். பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு, குரல் வந்த திசைக்கு, கூட்டத்துக்குள் போனார்.

"இங்க பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். "இங்க பாரு, எங்க இருக்க?"

அவள் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். அதை அணைக்கவில்லை. நாற்காலி விழுந்த சத்தமும், "பாத்துக்கிட்டுதாங்க இருக்கேன்" என்று அவள் அலறியதும் எல்லா மாடிக்கும் கேட்டது.