மூச்சு வாங்கும் சுவர்

இது இட்டுக்கட்டியது இல்லை. என் பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் தையற்கார அக்காவுக்கு நடந்தது. அவர் வாயால் கேட்டதைத்தான் எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவர் கணவர் வெளியூரில் லாரி ஓட்டுகிறார். அக்காவும் எட்டு வயது மகளும் அப்போது ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். பின்னறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம். விரல் பட்டால் பூச்சு மாவாக உதிரும். வீட்டுக்காரரிடம் முறையிட்டால் ஒரே பதில்தான்: "பழைய வீடுன்னா நாலு குறை இருக்கத்தாம்மா செய்யும். ஒரு கோட் பெயிண்ட் அடிச்சுடலாம்." அடித்தார். பத்தே நாளில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அடுத்த முறை, கண்ணில் படக்கூடாது என்று அதன்மேல் பலகையை அறைந்தார். பலகைக்குப் பின்னால் பூசணம் பிடித்தது. மகளுக்கு வீசிங் வந்தது. இரவெல்லாம் இழுப்பு. "மருந்து பாதிதாம்மா. முதல்ல அந்தச் சுவத்தைப் பாருங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரரை நம்பிப் புண்ணியமில்லை என்று அக்காவே ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார். ஒரு புதன்கிழமை மதியம். கொத்தனார் பலகையைப் பெயர்த்தார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஈரத்து மேலயே சிமெண்டை அப்பியிருக்கான்மா. புண்ணைக் கழுவாம கட்டுப் போட்ட கதை. மொத்தத்தையும் கொத்தி எடுத்துக் காயவிடணும்."

"எடுத்துடுங்கண்ணே. என் பொண்ணு நிம்மதியா மூச்சு விட்டாப் போதும்."

உளியை வைத்தார். பூச்சு கட்டி கட்டியாக விழுந்தது. உள்ளே செங்கல் தெரிந்தது.

மணி இரண்டு நாற்பது. சுத்தியல் நின்றது.

"பாப்பா வீட்லயா இருக்கு?"

"இல்லையே. ஸ்கூல்ல."

"அப்ப இழுக்கறது யாரு?"

அக்கா அசையாமல் நின்று கேட்டார்.

ஹ்ஹீ... ஹ்ஹீ...

சுவருக்குள்ளிருந்து.

நான்கு இழுப்புக்கு ஒரு சின்ன இருமல். மூன்று மாதமாக இரவில் பக்கத்தில் படுத்துக் கேட்ட அதே இழுப்பு.

அக்கா சுவரில் காதை வைத்தார். செங்கல் வெதுவெதுவென்று இருந்தது.

ஹ்ஹீ...

நின்றது.

போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து. "உடனே வாங்கம்மா. பாப்பா மூச்சுத் திணறி மயங்கிட்டா!"

அக்கா ஓடினார். ஆஸ்பத்திரியில் மகள் முகத்தில் மாஸ்க். உதடு நீலம் பாரித்திருந்தது. மூன்று முப்பத்தைந்துக்கு அவள் நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். கண் திறந்தாள்.

சாயங்காலம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனார். கொத்தனார் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் சிமெண்ட். முகத்தில் ஈயாடவில்லை.

"பூசி மூடிட்டேன்மா. ஈரத்து மேலயே. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

"எத்தனை மணிக்கு மூடினீங்க?"

"மூணரைக்கு மேல அஞ்சு நிமிஷம் இருக்கும்."

அந்த மாதமே காலி செய்தார்கள். புது வீடு, மாடி, நாள் முழுக்க வெயில். சுவரில் பொட்டு ஈரம் கிடையாது. மகள் ஓடினாள், கத்தினாள், மருந்தையே மறந்தாள். ஆறு மாதம்.

ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கு லீவு. தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். காலை பத்தேகால்.

பென்சிலைக் கீழே வைத்தாள்.

இழுப்பு இல்லை. இருமல் இல்லை.

மூச்சு நின்றுவிட்டது.

மூன்று வாரம் கழித்துக் கடைத்தெருவில் அந்தக் கொத்தனார் எதிர்ப்பட்டார். அவருக்கு விஷயம் தெரியாது.

"பாப்பா சௌக்கியமாம்மா? அந்தச் சனியனை ஒழிச்சாச்சு. வீட்டை மொத்தமா இடிச்சுட்டாங்க. நான்தான் கூட நின்னேன். அஸ்திவாரம் வரைக்கும் தோண்டிப் பார்த்தோம். பைப் இல்ல, கிணறு இல்ல. மண்ணு காஞ்சு கிடக்குது. அந்த ஈரம் எங்கேருந்து வந்துச்சுன்னே புரியலம்மா."

"என்னைக்கு இடிச்சாங்க?"

"போன மாசம், கடைசி செவ்வாக்கிழமை. பின்சுவர் விழும்போது பத்தேகால். விழுந்தப்ப ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க..."

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சின்னப் புள்ள மூச்சு விட்டாப்பல..."