நத்தாருக்கு ஊறிய மீன்

எண்பதுகளின் நடுப்பகுதியில் நானும் கணவரும் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், பழைய கட்டடமொன்றின் முதல் மாடி அறையில் குடியிருந்தோம். கீழே வாசலறையில், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கல் நாட்டுப் பெண்மணி இருந்தார். கணவரை இழந்து பல ஆண்டுகளாகியும் கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்தமாட்டார். நம்மவர் வெள்ளையில் காட்டும் துயரை அவர்கள் கறுப்பில் காட்டுகிறார்கள் என்று அவரிடம்தான் அறிந்தேன்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமசுக்கு, முதல்நாள் இரவு அவர்களுக்கு இறைச்சி இல்லை. ‘பக்கல்யாவ்’ என்னும் உப்பிட்டு உலர்த்திய மீனே விருந்து. நம்முடைய கருவாடுதான், ஆனால் பலகையளவு. நாட்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குவார்கள். அவ்வாண்டும் முற்றத்துத் தொட்டியில் மீன் ஊறியது. வாடை படியேறி எங்கள் கதவுவரை வந்தது.

அன்று பிற்பகல் வீட்டுச் சொந்தக்காரரின் ஆள் வந்தார். மூக்கைப் பொத்தியபடி நேரே எங்கள் கதவைத் தட்டினார்.

“என்னத்தைச் சமைக்கிறாய்? இந்த மாத முடிவுக்குள் அறையைக் காலிசெய்!”

என் அடுப்பில் வெறும் சோறு. சொன்னேன், அவர் கேட்கவில்லை. மீன் யாருடையதென்று சொன்னால் அந்தப் பெண்மணியின் வேலை போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டு அவரே மேலே வந்தார். கையில், அந்த மீனை உதிர்த்துப் பொரித்த உருண்டைகள் ஒரு தட்டு நிறைய.

“வாடை என்னுடையது. தொட்டியைப் போய்ப் பாருங்கள்.”

அந்த ஆளின் முகம் மலர்ந்தது. “ஓ, உங்கள் நத்தார் மீனா மதாம்? அருமையான வழக்கமாயிற்றே!” சிரித்துக்கொண்டே தட்டை நோக்கிக் கை நீட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அதே வாடை. ஒரு நிமிடத்துக்கு முன் அதற்காகத்தான் எங்களைத் தெருவுக்கு அனுப்பவிருந்தார்.

பெண்மணி தட்டைப் பின்னுக்கு இழுத்தார். “இன்றைக்கு வாசலுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது எங்கள் வழக்கமில்லை. முதலில் இந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேளுங்கள், தருகிறேன்.”

அவர் கேட்கவில்லை. “சரி, இருந்துகொள்ளுங்கள்” என்று முணுமுணுத்துவிட்டு, வெறும் வாயோடு படியிறங்கினார். தட்டு என் கைக்கு வந்தது.

“உவனுக்கு எங்கட சோறும் நாறுதாம்,” என்றார், மாலை வேலை முடிந்து வந்து எல்லாம் கேட்ட கணவர். “விடும், அறை தப்பினது காணும்.”

“காணாது, அது மட்டும் போதாது,” என்றேன். “என்னட்டை ஒரு சொல் மன்னிப்புக் கேட்டவனே?”

இத்தனை ஆண்டுகளாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம், ஏனெனில், எனக்காகத் தம் வேலையையும் பாராமல் கோபப்பட்ட ஒருவரை அந்தக் கோபத்தோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.