இருபதுக்கு இறங்கியது

யுத்தம் ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில் புளியங்குளத்திலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். கடும் நிமோனியா. நான் தாதியாக வேலை செய்த தீவிர சிகிச்சைப் பிரிவில் அவரைச் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் விட்டோம்.

அவருடைய நுரையீரல் எவ்வளவு விரிந்து கொடுக்கிறது என்று கணக்கிடுவது காலையில் என் முதல் வேலை. இயந்திரம் ஒரு மூச்சுக்கு 440 மில்லிலீற்றர் காற்றைத் தள்ளும். மூச்சு உள்ளே நிற்கும்போது பொத்தானை அழுத்திப் பிடித்து அழுத்தத்தை வாசிப்பேன். நுரையீரல் சுருங்கிவிடாமல் நாங்கள் எப்போதும் வைத்திருக்கும் அடி அழுத்தத்தை அதில் கழித்து, மிச்சத்தால் காற்றின் அளவைப் பிரிப்பேன். முதல் நாள் விடை நாற்பது. அதுவே போதாது.

மூன்றாம் நாள் காலை அழுத்தம் இருபத்தேழு. அடி அழுத்தம் ஐந்தைக் கழித்தால் இருபத்திரண்டு. 440ஐ அதால் பிரித்தேன். இருபது. திரும்பவும் அழுத்திப் பார்த்தேன். அதே இருபது.

"இருபதுக்கு இறங்கிட்டுது, டொக்டர்," என்று பக்கத்தில் நின்ற டொக்டரிடம் சொன்னேன்.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற நோயாளியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டா.

"இறங்கிட்டுதோ மிஸி? நாற்பது நாற்பதெண்டு நீங்கள் கதைக்கேக்க எனக்கு உயிரே இல்லை. பிள்ளையாரப்பா!"

நாற்பது பாகைக் காய்ச்சலை நினைத்துவிட்டா என்று எனக்கு விளங்குவதற்குள் அவா கதவடிக்குப் போய்விட்டா. வெளியே அவாவின் தம்பி மோட்டார் சைக்கிள் திறப்புடன் நின்றார். பிள்ளைகளைத் தகப்பனிடம் கூட்டிவரப் புறப்பட்டவர்.

"தம்பி, இறங்கிட்டுதாம்! பிள்ளையள் இண்டைக்கு வேண்டாம். பள்ளிக்கூடம் போகட்டும். இந்தக் குழாயளைக் கண்டால் பயந்துபோடுங்கள்."

"நான் சொன்னனான்தானே அக்கா! அத்தான் உழவு மெசினையே தனிய இழுக்கிற ஆள். இதென்ன காய்ச்சல்?"

இருவரும் சிரித்தார்கள். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் அவாவிடம் போனேன்.

"தங்கச்சி, அது காய்ச்சல் இல்லை. நெஞ்சு எவ்வளவு விரியுது எண்ட கணக்கு. அது இறங்கக் கூடாது."

"இன்னும் இறங்குமோ மிஸி?"

"ஓம். இறங்கும் போலத்தான் இருக்கு."

அவா தம்பியின் பக்கம் திரும்பினா.

"பள்ளிக்கூடத்துக்கே போ. உடுப்பு மாத்த வேண்டாம். அப்பிடியே கூட்டிக்கொண்டு வா."