கிப்லாப் பக்கம் நின்ற மானிட்டர்

டிரைவருக்கு இதயம் தளர்ந்துவிட்டது. பம்பு ஓடுகிறது, தள்ளத்தான் தெம்பில்லை என்றார் டாக்டர். காலமெல்லாம் பஸ் ஓட்டிப் பிழைத்த மனிதருக்கு இப்போது கழிவறைவரை போய் வருவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பாதம் இரண்டும் வீங்கிக் கிடந்தன. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. இதற்கெல்லாம் மனுஷன் அழவேண்டும் என்று அவருக்குத் தெரியும். அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. மனசு மரக்கட்டையாகக் கிடந்தது.

நாடித்துடிப்பு நூற்றுக்குள் நின்றால் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிலிருந்து அவர் மனைவிக்கு அந்த எண்தான் உலகம்.

கட்டிலில் சாய்ந்தபடி தலையசைத்துத் தொழுவார். தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கும்படி வார்டு ஆள் கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார். துடிப்பைக் காட்டும் மானிட்டரும் சரியாக அந்தப் பக்கமே நின்றது. தொழும்போதெல்லாம் எண் இறங்கியது.

"மாத்திரையைவிட உங்க தொழுகை நல்லா வேலை செய்யுதுப்பா" என்று நர்ஸ் சிரித்தாள். மனைவியா லேசுப்பட்டவள்? தொழுது முடித்த கையோடு துடிப்பைக் குறித்துக்கொள்ளும்படி நர்ஸிடம் சொல்லிவைத்துவிட்டாள்.

அன்று மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அவள் முகமெல்லாம் பல். "பாத்தீங்களா, தொண்ணூத்தெட்டு! சாயந்திரம் டாக்டர் வர்றப்பவும் இப்படியே இருந்தா கிளம்பிடலாம்."

"நூத்தி நாலுல நின்னுச்சு. அப்புறம் நூத்தி ஒண்ணு. கடைசியிலதான் தொண்ணூத்தெட்டு."

"தொழுதுட்டுல்ல இருந்தீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவருக்கே அப்போதுதான் உறைத்தது. வண்டி ஓட்டியவன் கண் மீட்டருக்குப் போகாமல் இருக்குமா? உதடு ஓதிக்கொண்டிருக்க, கண் எண்ணைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை நாளும் எதன் முன்னால் தலை குனிந்தோம் என்று நினைத்தபோதும் மனசில் ஒன்றும் அசையவில்லை.

சாயந்திரம் அசர் தொழுகைக்கு நேரம் வந்ததும், "அந்த டப்பா மேல துண்டைப் போடு" என்றார்.

"டாக்டர் வர்ற நேரங்க."

"வரட்டும். போடு."

போட்டாள். அவர் தொழத் தொடங்கினார். முதலில் வழக்கம்போல வார்த்தைகள்தான் ஓடின. தலையைத் தாழ்த்தியபோது கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோள் குலுங்க, மூச்சிரைக்க அழுதார்.

நர்ஸ் ஓடிவந்து துண்டை விலக்கினாள். நூற்றுப் பதினாறு. பின்னாலேயே வந்த டாக்டர் எண்ணைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கெடுத்துட்டீங்களே! எப்பவும்போல தொழுதிருந்தா இந்நேரம் வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாமே!"

"கிளம்பியிருக்கலாம்" என்றார் அவர், கன்னத்தைத் துடைக்காமலே. "தொழுதிருக்க மாட்டேன்."